மடக்கு மேசைக் கழகங்களுக்காக: ஸ்லாட் கார் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நான் சேர்ந்த வருடம், குட்டிக் கார்களைத் தடத்தில் ஓட்டிப் பந்தயம் நடத்தும் நம் கூட்டமைப்பில் 5 கழகங்கள்தான். இப்போது 11. யாரோ இரண்டு பேர் தங்கள் வீட்டு கராஜில் ஆரம்பித்தது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றால் அதில் உங்கள் உழைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் மேசைகளை ஏற்றிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போனவர்கள் நீங்கள்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். சந்தோஷம் போய்விட்டது. இனிமேல் சாம்பியன்ஷிப் சுற்றுகளை நிரந்தரத் தடம் வைத்திருக்கும் கழகங்களில் மட்டுமே நடத்துவது, தடத்தில் 6 லேன் (ஒரு கார் ஓடும் பாதை ஒரு லேன்) இருந்தாக வேண்டும், வாராவாரம் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தடங்கள் 'பயிற்சிக்கு மட்டும்' என்று மூன்று தீர்மானங்கள். பொதுக்குழுவில் வாக்கெடுப்பு.

எங்கள் கழகத்தில் நிரந்தரமாக இருப்பது ஒன்றே ஒன்று: டீ போடும் கெட்டிலின் அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பு. மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்குக் கார் டிக்கியிலிருந்து இறங்கி, இரவு 10.30 மணிக்குத் திரும்பவும் டிக்கிக்குள் போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நான் 'தவறாக நினைக்க வேண்டாம்' என்று ஆரம்பித்து, 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று நடுவில் சொல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே நன்றி கூறி முடித்துவிடுவேன். இங்கிலாந்தில் இத்தனை வருடம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. உங்களுக்கு என் மகள் மொழிபெயர்த்துத் தருவாள். அதற்கு முன்னால், இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாத நம் ஆட்கள் நாலு பேரும் படிக்கட்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீங்கள் ஒரு பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம்.

தச்சர்கள் பலகையில் காடி எடுப்பார்கள் இல்லையா, அதுதான் ஸ்லாட். தடத்தில் லேனுக்கு ஒரு காடி. காடிக்கு இரண்டு பக்கமும் கம்பி ஓடும். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன முளை காடிக்குள் இறங்கிவிடும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் இரண்டு செப்புத் தகடுகள் கம்பியை உரசிக்கொண்டே போய் மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும். காரைத் திருப்பும் வேலை காடியுடையது. நம் கையில் இருப்பது ஒரே ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். 'இவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் ஒரு தடவை வந்து அழுத்திப் பார்க்க வேண்டும். முதல் வளைவிலேயே கார் பறந்து போய் எதிரில் நிற்பவரின் டீக்கோப்பையில் விழும். எங்கள் கார்கள் எச்.ஓ. வகை, ஏறத்தாழ 1:64 அளவு, சுண்டுவிரல் நீளம். இந்தக் குட்டிக் கார்களின் வித்தை அடியில் இருக்கும் காந்தம். தடத்தின் கம்பி இரும்பு என்பதால் காந்தம் காரைக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கண் பின்தொடர முடியாத வேகத்தில் வளைவில் திரும்பும். காந்தப்பிடி விட்டுப்போகும் அந்த ஒரு கணத்தைக் கை உணர்ந்துகொள்வதில்தான் ஆட்டமே இருக்கிறது. சரி, விளக்கம் போதும்.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் தடத்தில் இரண்டு துண்டு சேரும் இடமெல்லாம் ஒரு மேடு. கம்பிகள் ஒரு மயிரிழை விலகினால் கார் அங்கே துள்ளும். போன வருடம் எங்கள் ஹாலில் நடந்த சுற்றில் நீல லேனில் பாலத்துக்கு அடியில் மின்சாரம் விட்டுவிட்டு வந்ததும், தொலைவிலிருந்து வந்த இரண்டு கழகத்துக்காரர்கள் முகம் சுளித்ததும் எனக்கும் நினைவிருக்கிறது. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர், மூன்று நிமிட ஹீட்டில் (ஒரு தடவை ஓட்டும் பந்தயத்தில்) பாதியை மின்சாரம் இல்லாத இடத்தில் கழித்தால் கோபப்படத்தான் செய்வார். மரப்பலகையில் காடி வெட்டிய தடமோ, ஒரே தகடாக இழைத்த தடமோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நானே அப்படிப்பட்ட தடத்தில் ஓட்டிவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு எங்கள் தடத்தைப் பார்க்கப் பிடிக்காது.

ஆனால் 6.30 மணிக்கு எங்கள் ஹாலில் நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை. சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மடக்கு மேசைகளை வரிசையாக விரிப்போம். ஆட்டம் காட்டும் காலுக்கு அடியில் பழைய அட்டையைச் செருகுவோம். பிறகு பிளாஸ்டிக் பெட்டிகள் திறக்கும். நேர்த்துண்டுகள் ஒரு பெட்டி. வளைவுகள் 6 அங்குல ஆரம், 9 அங்குலம், 12, 15 என்று தனித்தனிப் பெட்டி. இன்றைக்கு எந்த வடிவம் என்று ஒரு காகிதத்தை ஒருவர் சுவரில் ஒட்டுவார். அதை யாரும் முழுதாகப் பின்பற்ற மாட்டார்கள். 'அந்த வளைவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழு' என்று ஒருவர், 'இழுத்தால் கதவு திறக்காது' என்று இன்னொருவர். ஒரு மணி நேரத்தில் தடம் உட்கார்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் புதிதாக வந்தவர் உள்ளே வருகிறார். வாசலில் கைகட்டி நிற்பவரின் கையில் ஒரு துண்டைக் கொடுத்து 'இதை அங்கே மாட்டுங்கள்' என்றால் போதும், அடுத்த வாரமும் வருவார். நான் அப்படித்தான் வந்தேன். அன்றைக்கு எனக்கு ஆங்கிலம் பிரச்சினையில்லை. யாரிடம் போய் என்ன பேசுவது என்பதுதான் பிரச்சினை. ஒரு பெரியவர் என்னிடம் பேர்கூடக் கேட்காமல் 9 அங்குல வளைவுப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். நிரந்தரத் தடம் உள்ள கழகத்துக்குப் போயிருந்தால் எல்லாம் தயாராக இருந்திருக்கும், நான் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

இன்னொன்று, தடம் வாராவாரம் மாறுவதால் யாரும் அதை மனப்பாடம் செய்ய முடியாது. இருபது வருடம் ஓட்டியவரும் நேற்று வந்தவரும் அன்றைய முதல் சுற்றில் ஒரே வளைவைப் புதிதாகப் பார்க்கிறார்கள். நிரந்தரத் தடத்தில் உள்ளூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். உங்கள் சாம்பியன்ஷிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எந்தெந்தச் சுற்றில் உள்ளூர்க்காரர் ஜெயித்திருக்கிறார் என்று.

6 லேன் விஷயத்துக்கு வருகிறேன். இது தரம் பற்றிய கேள்வி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது கூட்டல் கணக்காகத் தெரிகிறது. 6 லேன் என்றால் 6 பேர் ஓட்ட வேண்டும். தடம் முழுவதையும் கவனித்து, குதித்த காரை எடுத்து வைக்க மார்ஷல்கள் 5 பேராவது நிற்க வேண்டும். கணினியில் ஒருவர். ஆக 12 பேர் வந்தால்தான் ஒரு ஹீட்டே நடக்கும். எங்களுக்கு நல்ல குளிர்கால வெள்ளிக்கிழமையில் 9 பேர் வருவார்கள். 4 பேர் ஓட்ட, 4 பேர் வளைவுகளில் நிற்க, ஒருவர் கணினியில். கச்சிதம். 4 லேன் தடம் ஏழைகளின் தடம் என்று நினைக்காதீர்கள். 9 பேர் உள்ள கழகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்த 6 கழகங்களில் பெரும்பாலானவை எங்கள் அளவுதான் என்பது உங்கள் சுற்றறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் அவர்களை வரவேற்றுவிட்டு இரண்டாம் பக்கத்தில் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

மார்ஷல்களைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் எங்கள் ஊர்த் தேர்தான் நினைவுக்கு வரும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேர் முனையில் திரும்புவது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் நாலு பேர் கையில் இருக்கிறது. அவர்களை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. காடியை விட்டுக் குதித்த காரைப் பாய்ந்து எடுத்து, எந்த லேன் என்று பார்த்து, முளையைக் காடியில் இறக்கி, அடுத்த கார் வந்து கையில் மோதுவதற்குள் விலக வேண்டும். இரண்டு வினாடி வேலை. அதில் ஒரு வினாடி தாமதித்தால் ஒருவரின் பந்தயம் போய்விடும். நம் விளையாட்டில் ஓட்டி முடித்தவரே அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல். உங்கள் எதிராளியின் காரை நீங்கள் எடுத்து வைக்கிறீர்கள், உங்கள் காரை அவர். வேறு எந்தப் பந்தயத்தில் இது உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. அதை வைத்துத்தான் நான் என் மகளை இங்கே அழைத்து வந்தேன்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டு தொழிற்சாலையில் பிறக்கவில்லை. 1950களின் நடுவில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் இருந்த மாடல் எஞ்சினியர் கழகத்துக்காரர்கள் சுமார் 60 அடியில் தாங்களே ஒரு தடம் கட்டினார்கள். அப்போது காடி கிடையாது. மேலே தூக்கிய தண்டவாளம்தான். (அந்தத் தடத்தில் 6 லேன் இருந்தது. உங்களுக்குச் சாதகமான தகவலை மறைத்தேன் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.) பிறகுதான் ஃபிரெட் ஃபிரான்சிஸ் வந்தார். 1952இலிருந்து ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் சாவி கொடுத்து ஓடும் தகரக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர், அந்தக் கார்களுக்கு மின்சார மோட்டார் வைத்து 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று காட்டினார். தடம் ரப்பரால் ஆனது. வீட்டு வரவேற்பறைக் கம்பளத்தில் துண்டு துண்டாக மாட்டி, விளையாடி, கழற்றி வைக்க வேண்டியது. அதாவது இது வீடுகளுக்குள் நுழைந்தபோதே கழற்றி மாட்டும் விளையாட்டாகத்தான் நுழைந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 1960இல் அரோரா நிறுவனம் நம் எச்.ஓ. அளவுக் கார்களைக் கொண்டுவந்தது. மேசை மேலேயே ஒரு முழுத் தடம் போட்டுவிடலாம் என்பதுதான் அவர்கள் விற்ற கனவு.

அப்புறம் அமெரிக்காவில் அந்தப் பெரிய அலை. 1960களின் நடுவில் ஆயிரக்கணக்கான வணிகத் தடங்கள் அங்கே திறந்தன. பௌலிங் கூடத்துக்குப் போவது போல, காசு கொடுத்து அரை மணி நேரத்துக்கு ஒரு லேனை வாடகைக்கு எடுப்பார்கள். 8 லேன், 155 அடி நீளத்தில் 'கிங்' என்று ஒரு தட வடிவம் உண்டு. இன்றைக்கும் 1:24 அளவுக்காரர்கள் அதில்தான் பெரிய போட்டிகளை நடத்துகிறார்கள். அதிவேகக் கார்கள் அந்த 155 அடியை ஒன்றரை வினாடிக்குள் சுற்றி வந்துவிடும். படித்துவிட்டு ஒரு தடவை கண்ணை இமையுங்கள், சுற்று முடிந்திருக்கும். அந்த அலை பத்து வருடம்கூட நிற்கவில்லை. 1970 வாக்கில் பெரும்பாலான கூடங்கள் மூடிவிட்டன. காரணங்கள் பல: கடைகள் அளவுக்கு மீறித் திறந்தது, பையன்களுக்கு வேறு மோகம் வந்தது என்று. ஆனால் அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம் ஒன்று. சனிக்கிழமை கடையில் வாங்கிய காரோடு ஒரு பையன் வருவான். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் செப்புக் கம்பியைத் தானே திரும்பச் சுற்றி, காரின் அடிச்சட்டமான சேசிஸைத் தானே பற்றவைத்துக் கொண்டுவந்த ஆள் பக்கத்து லேனில் நிற்பார். பையன் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் மூன்று சுற்று. அடுத்த சனிக்கிழமை பையன் வர மாட்டான். வேகம் கூடக் கூட ஆள் குறைந்தது.

கூடங்கள் மூடிய பிறகும் விளையாட்டைத் தூக்கிப் பிடித்தது யார்? பிரிட்டனில் சர்ச் ஹால்களிலும் சாரணர் கொட்டகைகளிலும் பப்புகளின் பின்னறைகளிலும் கூடிய சின்னக் கழகங்கள். 1960களிலேயே எலெக்ட்ரிக் கார் ரேசிங் அசோசியேஷன் என்ற பெயரில் கழகங்கள் ஒன்று சேர்ந்திருந்தன. இன்றைய பிரிட்டிஷ் ஸ்லாட் கார் ரேசிங் அசோசியேஷன் அந்த வழியில் வந்தது. கூட்டமைப்பு என்பதை நான் எதிர்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே விதி, ஒரே நாட்காட்டி, ஒருவர் தடத்தில் இன்னொருவர் போய் ஓட்டும் வழக்கம், இதெல்லாம் இல்லையென்றால் ஒவ்வொரு கழகமும் தன் நாலு சுவருக்குள்ளேயே வயதாகிச் செத்துப்போகும்.

நிரந்தரத் தடங்கள் சாவதையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கழகம் ஒன்று தொழிற்பேட்டையில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து அருமையான மரத்தடம் கட்டியது. எவ்வளவு சனி ஞாயிறுகள் போயிருக்கும்! குத்தகை முடிந்தது, வாடகையை ஏற்றினார்கள், வேறு இடம் கிடைக்கவில்லை. தடத்தைப் பிரிக்க முடியாதபடி கட்டியிருந்ததால் வாளால் அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் கழகமே கலைந்துவிட்டது. எங்களையும் ஒரு ஹாலிலிருந்து அனுப்பினார்கள், அங்கே யோகா வகுப்பு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு ஹாலில் தடம் விரித்தோம். ஒரு வாரம்கூட விடவில்லை.

பிளாஸ்டிக் துண்டு மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு காட்சி. 2009 ஆகஸ்டில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே, சர்ரேயில் இருக்கும் பழைய புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடத்தின் முழுச் சுற்றையும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் துண்டுகளால் திரும்பப் போட்டுக் கார் ஓட்டிக் காட்டினார். 1907இல் திறந்த அந்தத் தடத்தின் பெரும் பகுதி இப்போது இல்லை. வழியில் கட்டிடங்கள், சாலை, தண்ணீர். எல்லாவற்றையும் தாண்டித் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் கூட்டமாகத் தன்னார்வலர்கள் வந்து மாட்டினார்கள். உலகிலேயே நீளமான ஸ்லாட் கார் தடம் என்று கின்னஸ் சாதனையும் ஆனது. அத்தனை பேரையும் ஒரு நாள் வெயிலில் குனிய வைத்தது பொம்மைப் பெட்டியில் வரும் துண்டுதான்.

அடுத்து எழுதப்போவதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்று பருவங்களுக்கு முன் எங்கள் கழகத்துக்கு 9 வயதுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அம்மாவோடு பஸ்ஸில் வருவான். பிறந்தநாளுக்குக் கிடைத்த ஒரே ஒரு கார். அதை வைத்துக்கொண்டு வாராவாரம் ஓட்டினான், நன்றாகவே ஓட்டினான். பருவத்தின் நடுவில் இன்னொரு கழகத்தின் நிரந்தரத் தடத்தில் நடந்த சுற்றுக்கு நாங்களே அவனை அழைத்துப் போனோம். முதல் ஹீட்டில் அவன் லேனில் எல்லோரையும் விட அதிகச் சுற்று. எனக்கே ஆச்சரியம். ஹீட் முடிந்ததும் காரைச் சோதனைக்கு எடுத்தார்கள். கம்பி பதித்த சின்னத் தட்டின் மேல் காரை வைத்து, காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்கும் சோதனை உங்களுக்குத் தெரியும். தகடு நுழையவில்லை. சுற்றுகளை ரத்து செய்துவிட்டார்கள்.

ஏன் நுழையவில்லை? பின் டயர் தேய்ந்திருந்தது. டயர் தேயத் தேய கார் தாழும், காந்தம் கம்பிக்கு நெருங்கும், பிடி கூடும், வளைவில் வேகம் கூடும். தெரிந்தே டயரை இழைத்துத் தாழ்த்துகிறவர்கள் உண்டு, அவர்களுக்காகத்தான் விதி. இவனோ மாற்று டயர் இல்லாததால் ஏழெட்டு மாதமாக அதே டயரில் ஓட்டியவன். கையில் காசில்லாததற்குப் பெயர் அன்றைக்கு 'விதிமீறல்'. அவன் அம்மா வந்து 'என்ன தப்பு செய்தான்?' என்று கேட்டார். 'தொழில்நுட்பக் காரணம்' என்று பதில். பையன் காரைப் பெட்டியில் வைத்து மூடினான். அதற்குப் பிறகு எங்கள் ஹாலுக்கும் வரவில்லை.

விதிப்படி நடந்துகொண்டவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பெட்டியில் இரண்டு ஜோடிப் புது டயர் இருந்தது. ஒரு ஜோடி ஒன்றிரண்டு பவுண்டுதான். காலையில் அவன் காரை ஒரு பார்வை பார்த்திருந்தால் மாட்டிக் கொடுத்திருப்பேன். நான் என் கார் மோட்டாரின் பிரஷ்ஷைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரத்து என்று சொன்னபோது நான்காம் வளைவில் மார்ஷலாக நின்றேன். அங்கிருந்து நகரவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை.

வளர்ச்சி என்ற வார்த்தையை நீங்கள் சுற்றறிக்கையில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணினேன். 11 கழகங்கள் என்ற எண்ணிக்கையில் அந்தப் பையன் எந்தப் பத்தியில் வருகிறான் என்பதுதான் என் கேள்வி.

கலிஃபோர்னியாவில் ஃபெர்ண்டேல் என்ற சிற்றூரில் ஒரு பந்தயம் நடக்கும், நம் எச்.ஓ. ஆட்களுக்குத் திருவிழா மாதிரி. அங்கே ஓடுபவை காந்தப்பிடி உள்ள அதிவேகக் கார்கள் இல்லை. அரோரா 1963இல் கொண்டுவந்த தண்டர்ஜெட் வகை. மோட்டாரின் ஆர்மேச்சர் தோசைக்கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் போல மல்லாக்கப் படுத்திருக்கும். அதன் மேல் பல்சக்கரங்கள் திறந்தபடி சுற்றும். காந்தம் கீழே இழுக்காது என்பதால் வளைவில் வால் ஆடும். நம் கார்களோடு ஒப்பிட்டால் மாட்டு வண்டி. அதற்குத்தான் நாடு தாண்டி ஆட்கள் போகிறார்கள், அந்த வகைக் கார்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காரணம் எளிது. கார் மெதுவாகப் போனால் பக்கத்து லேன்காரரைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அதிவேகக் காரில் நாம் பந்தயம் ஓட்டுவது நம் நரம்போடு மட்டும்.

சரி, எதிர்க்க மட்டும்தான் வந்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. மூன்று தீர்மானங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு கழகமும் வருடத்தில் ஒரு சுற்றையாவது தன் சொந்தத் தடத்தில், அது எந்த வகையாக இருந்தாலும், நடத்தட்டும் என்று வையுங்கள். மேடு பள்ளம் பற்றிய புகாருக்கு வழி தடத்தை ஒதுக்குவதல்ல. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, விருந்தினரும் சேர்ந்து இணைப்புகளைச் சரிபார்ப்பது. நீல லேன் விஷயத்தில் முகம் சுளித்த அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் கழகத்துக்காரர் யாரையும்விட நன்றாகச் சால்டர் வைப்பவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வகுப்பைக் கூட்டமைப்பின் சொந்தக் கார்களில் நடத்துங்கள். 4 லேனுக்கு 4 கார், பெட்டியிலிருந்து எடுத்தபடியே, யாரும் கை வைக்காதது. கார் லேனோடு இருக்கும்; ஆள்தான் லேன் மாறுவார். எல்லோரும் எல்லாக் காரையும் ஓட்டிவிடுவதால் கார் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வராது. அமெரிக்கக் கழகங்களில் இது பழைய வழக்கம், நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 4 கார், கொஞ்சம் டயர், மொத்தம் 150 பவுண்டுக்குள் முடியும். நிரந்தரத் தடத்துக்கான மானியம் என்று நீங்கள் ஒதுக்க நினைக்கும் தொகையில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று பொருளாளர் சொல்லட்டும்.

அப்புறம் கடன் தடம். எங்கள் கழகத்தில் இரண்டு பெட்டி நிறைய உபரித் துண்டுகள் கிடக்கின்றன. மற்றவர்களிடமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால் 4 லேனில் ஒரு முழுத் தடம், ஒரு பவர் சப்ளை, 4 கன்ட்ரோலர் தேறும். புதிதாகக் கழகம் ஆரம்பிக்க நினைக்கும் ஊருக்கு ஆறு மாதம் கொடுப்போம். ஒட்டினால் சொந்தமாக வாங்கிக்கொள்வார்கள். ஒட்டவில்லையென்றால் பெட்டி திரும்பி வரும். எங்கள் துண்டுகளை இன்றைக்கே தருகிறோம்; கழகக் கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சோதனை மேசையில் சின்னவர்களுக்கும் புதியவர்களுக்கும் முதல் ஹீட்டுக்கு முன்பே காரைப் பார்த்துவிட வேண்டும், குறை இருந்தால் அங்கேயே சரி செய்து கொடுக்க வேண்டும். அந்த மேசைக்கு ஒரு டப்பா டயரை நான் தருகிறேன். தீர்ந்தால் சொல்லுங்கள், நிரப்புகிறேன். இதற்குப் பொதுக்குழுத் தீர்மானம்கூடத் தேவையில்லை.

இவ்வளவு எழுதியும் 6 லேன்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், எங்கள் கழகத்தின் ஒரு வாக்கு எதிராக விழும். தோற்றால் நாங்கள் விலகப் போவதில்லை, மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் 6 லேன் தடத்துக்கு வந்து ஓட்டுவோம், மார்ஷலாக நிற்போம். ஆனால் எங்கள் ஹாலுக்கு நீங்கள் வருவது நின்றுபோகும், அதுதான் வருத்தம்.

பொதுக்குழுவுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வர முடிந்தால் வாருங்கள். எட்டு மணிக்கு வராதீர்கள், அதற்குள் தடம் போட்டு முடித்திருப்போம். 6.30 மணிக்கே வந்துவிடுங்கள். கார் நிறுத்த ஹாலின் பின்பக்கம் இடம் இருக்கிறது. முன்கதவின் மணி வேலை செய்யாது, ஜன்னலைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வளைவு மார்ஷல்